அனாதைப் பிள்ளைகளும் புண்ணியக் கணக்கும்

(உசிலம்பட்டியில் நடைபெற்ற பொதுக் கூட்டத்தில் பேசியதன் சாரம்)



இன்று நான் பேச வேண்டுமென்று இவ்வூர்த் தோழர்கள் கேட்டுக்கொண்ட விஷயமானது, தாய் தகப்பன் வீட்டில் வளராமல் விடுதிகளிலும் காப்பகங்களிலும் வளருகிற பிள்ளைகளின் தேக சுகத்தையும் மன சுகத்தையும் பற்றியதாகும். இதில் பேச என்ன இருக்கிறது, சோறு போட்டுத் துணி கொடுத்துப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினால் தீர்ந்தது என்று உங்களில் பலர் நினைக்கலாம். நானும் வெகு நாள் வரை அப்படித்தான் நினைத்திருந்தேன். இப்போது நினைக்கவில்லை. ஏன் என்பதைச் சொல்லுகிறேன். சொல்லுவதை அப்படியே நம்பிவிட வேண்டியதில்லை. உங்கள் புத்திக்குச் சரியென்று பட்டதை எடுத்துக்கொண்டு மற்றதைத் தள்ளி விடலாம்.

சில வருஷங்களுக்கு முன் என் சிநேகிதர் ஒருவர், தம் மகனுடைய பிறந்த நாளைக்கு ஒரு விடுதிப் பிள்ளைகளுக்குச் சாப்பாடு போடுவதாகச் சொல்லி என்னையும் அழைத்துப் போனார். விடுதியின் பெயர் இங்கு வேண்டியதில்லை. பிள்ளைகளைப் பதினொரு மணிக்கே குளிக்க வைத்து வரிசையாக உட்கார்த்தியிருந்தார்கள். சிநேகிதர் குடும்பத்தோடு வந்து சேர்ந்தபோது மணி ஒன்றரை. அதன் பிறகு பிரார்த்தனைப் பாட்டு. அதன் பிறகு கேக்கு வெட்டு. அதன் பிறகு போட்டோ. இலையில் போட்ட சோறு ஆறிக்கொண்டிருக்கிறது. போட்டோ பிடிக்கிறவர் 'எல்லாரும் சிரிங்கப்பா' என்கிறார். பசித்த பிள்ளைகள் சிரித்தார்கள். என் பக்கத்தில் பத்து வயதுப் பையன் ஒருவன் விரல் இடுக்கைச் சொறிந்துகொண்டே இருந்தான். கையைப் பிடித்துப் பார்த்தேன், சிரங்கு. 'எத்தனை நாளாய் இருக்கு தம்பி?' என்றேன். 'பொங்கலுக்கு முன்னாடியிருந்தே இருக்குங்கய்யா' என்றான். அது ஆடி மாதம். 'யாரிடமும் சொல்லவில்லையா?' என்றதற்கு, 'எல்லாருக்குந்தான் இருக்கு, யார்கிட்டச் சொல்ல?' என்றான்.

தோழர்களே! சிரங்கு என்பது கண்ணுக்குத் தெரியாத ஒரு சிறு பூச்சியினால் வருகிற வியாதி. அதற்கு மேல்பூச்சு மருந்து சர்க்கார் ஆஸ்பத்திரியில் இருக்கிறது. விடுதியில் உள்ள அத்தனை பேருக்கும் ஒரே இரவில் பூசி, துணி, பாய், போர்வை எல்லாவற்றையும் வெந்நீரில் துவைத்து வெயிலில் போட்டு, ஒரு வாரம் கழித்து மறுபடியும் ஒரு தரம் பூசினால் போய்விடும். ஒருவனுக்கு மட்டும் பூசினால் அடுத்த பாயிலிருந்து திரும்பவும் வரும். சிநேகிதர் அன்று சாப்பாட்டுக்கும் கேக்குக்கும் செலவு செய்ததில் நாலில் ஒரு பங்கு இதற்குப் போதும். ஆனால் சிரங்கு மருந்து பூசினதற்குப் போட்டோ எடுத்துக் கொள்ள முடியாதே! அன்னதானத்துக்குப் புண்ணியம் எழுதி வைத்தவன் சிரங்கு மருந்துக்கு எழுதி வைக்கவில்லையே!

விடுதிப் பிள்ளைகள் விஷயத்தில் முதல் கோளாறே இதுதான் என்பது என் அபிப்பிராயம். கொடுக்கிறவனுடைய கவனமெல்லாம் தன் கணக்கின் மேல் இருக்கிறதே ஒழிய பிள்ளையின் மேல் இல்லை. ஞாயிற்றுக்கிழமை இரண்டு பிறந்த நாள் வந்தால் பிள்ளைக்கு இரண்டு வேளை பிரியாணி, மூன்று வேளை இனிப்பு, செவ்வாய்க்கிழமை ரசஞ்சோறு. பல் சொத்தையானால் பார்ப்பார் இல்லை. கண் மங்கினால் கண்ணாடி வாங்குவார் இல்லை. வயசுக்கு வந்த பெண் பிள்ளை இரத்தம் இல்லாமல் வெளுத்துப் போனால் இரும்புச்சத்து மாத்திரை வாங்கிக் கொடுக்க ஆள் இல்லை. பெற்றோரில்லாதது அந்தப் பிள்ளையின் தலைவிதி என்று சொல்லுகிற அதே வாய்தான், அந்தத் தலைவிதியைத் தன் புண்ணியத்துக்கு முதலாகவும் வைத்துக் கொள்ளுகிறது. அனாதரட்சகன் என்று கடவுளுக்குப் பெயர் வைத்துவிட்டு அனாதைகளைக் கேக்குக்குக் காத்திருக்க வைக்கிறோம்.

அது போகட்டும். இந்தப் பிள்ளைகள் யார் என்று முதலில் பாருங்கள். அனாதை விடுதி என்று பெயர்ப்பலகை இருக்கிறதே தவிர, உள்ளே இருப்பவர்களில் பலருக்குத் தாயோ தகப்பனோ யாராவது ஒருவர் இருக்கிறார். புருஷன் செத்துப்போய்த் திருப்பூருக்குப் பிழைக்கப் போன தாய், முறுக்குக் கம்பெனி வேலைக்கு வடநாட்டுக்குப் போன தாய் தகப்பன், குடியால் கெட்ட தகப்பன், மறுகலியாணம் செய்து கொண்டதால் முதல் தாரத்துப் பிள்ளையை வைத்துக் கொள்ள மாட்டாதவர்கள், இப்படிப்பட்டவர்களின் பிள்ளைகளே அதிகம். அதாவது இவர்கள் வறுமையால் விடுதிக்கு வந்தவர்கள். இந்திய சர்க்கார் ஏற்படுத்திய ஜேனா கமிட்டி 2018-இல் வெளியிட்ட கணக்கின்படி தேசமெங்கும் 9,500-க்கு மேற்பட்ட விடுதிகளில் ஏறக்குறைய 3,70,000 பிள்ளைகள் இருந்தார்கள். அவ்விடுதிகளில் மூன்றில் ஒரு பங்கு அளவுதான் சிறார் நீதிச் சட்டப்படி பதிவானவை. டீக்கடை வைக்க லைசென்சு கேட்கிற நாட்டில் பிள்ளை வளர்க்கிற கடைக்கு அது இல்லாமலே நடந்திருக்கிறது.

பிள்ளையைப் பெற்றோரிடமிருந்து பிரிப்பது என்பது இந்தச் சீமைக்குப் புதிதல்ல. இங்குள்ள பெரியவர்களுக்குக் கைரேகைச் சட்டம் என்றால் தெரியும். குற்றப் பரம்பரைச் சட்டம் என்று 1911-இல் வெள்ளைக்காரன் திருத்தி எழுதிய அச்சட்டத்தில், குற்றப் பரம்பரை என்று முத்திரை குத்தப்பட்டவர்களின் பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்துச் சீர்திருத்தப் பள்ளிகளில் வைக்கச் சர்க்காருக்கு அதிகாரம் உண்டு என்று ஒரு பிரிவே இருந்தது. அச்சட்டத்தை எதிர்த்ததற்காகத்தான் இதே வட்டாரத்துப் பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3-ஆம் தேதி ஜனங்களைச் சுட்டார்கள். சென்னை மாகாணத்தில் அச்சட்டம் 1947-இல் தொலைந்தது. ஆனால் ஏழையின் பிள்ளை ஏழையிடம் இருந்தால் கெட்டுப்போகும், எங்காவது நல்ல இடத்தில் கொண்டுபோய் வைத்துவிட்டால் திருந்தும் என்கிற எண்ணம் தொலைந்ததா? அது இன்றைக்கும் தர்மவான்களின் மூளையில் இருக்கிறது.

அதற்குப் பிறகு இவ்வூருக்கு வந்த கெட்ட பெயரையும் சொல்லித்தான் ஆக வேண்டும். 1986-இல் 'இந்தியா டுடே' பத்திரிகை, உசிலம்பட்டி வட்டாரத்தில் பெண் குழந்தைகளைக் கள்ளிப்பால் கொடுத்துக் கொல்லுகிறார்கள் என்று எழுதியது. அன்று முதல் உசிலம்பட்டி என்றால் ஊரார் எல்லாரும் மூக்கில் விரல் வைத்தார்கள். வைத்தவர்கள் வீட்டில் வரதட்சணை வாங்காதவர் எத்தனை பேர் என்று ஒருவரும் கேட்கவில்லை. நகையும் சீரும் கேட்டு வாங்கினவன் கை சுத்தம். கொடுக்க வழியில்லாமல் பிள்ளையைக் கொன்றவள் கை மட்டும் பாவம்! கொன்றது நியாயம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் கள்ளிப்பாலைக் காய்ச்சிக் கொடுத்தது எந்த வழக்கம் என்று பார்க்க வேண்டாமா?

அதன் மேல் 1992-இல் தமிழ்நாடு சர்க்கார் தொட்டில் குழந்தைத் திட்டம் என்பதைச் சேலத்தில் ஆரம்பித்து, 2001-இல் மதுரை, தேனி, திண்டுக்கல் முதலிய ஜில்லாக்களுக்கும் கொண்டுவந்தது. வேண்டாத பிள்ளையைக் கொல்லாதே, தொட்டிலில் போடு, சர்க்கார் வளர்க்கும் என்பது அதன் கருத்து. உயிர் பிழைத்தது; அந்த மட்டில் நல்லது. ஆனால் பிழைத்த பிள்ளை எப்படி வளர்ந்தது என்பது வேறு கேள்வி.

அதற்கு இந்த வட்டாரத்தையே சேர்ந்த ஒரு கதை இருக்கிறது. பெண் சிசுக்கொலையிலிருந்து காப்பாற்றப்பட்டவர்கள் என்று சொல்லி இப்பகுதியிலிருந்து கொண்டுபோகப்பட்ட பெண் பிள்ளைகள் திருச்சியில் மோசே மினிஸ்ட்ரீஸ் என்ற விடுதியில் வளர்க்கப்பட்டார்கள். அவ்விடுதி சட்டப்படி நடக்கவில்லை என்று 2015-இல் ஐக்கோர்ட்டின் மதுரைக் கிளைக்கு வழக்கு வந்தது. அப்போது அங்கே இருந்தவர்கள் 89 பேர். கைக்குழந்தையாகப் போனவர்களில் பலர் அதற்குள் பெரிய பெண்களாகியிருந்தார்கள். யார் பிள்ளை யார் என்று நிச்சயிக்க இரத்தம் எடுத்து மரபணுச் சோதனை செய்யும்படி ஆயிற்று. உசிலம்பட்டிப் பக்கத்துத் தாய் தகப்பன்மார் வரிசையில் நின்று இரத்தம் கொடுத்தார்கள். 2016-இல் விசாரணை சி.பி.ஐ.யிடம் போயிற்று. குற்றம் யாருடையது என்பதைக் கோர்ட்டு பார்த்துக் கொள்ளட்டும்; அது என் வேலையல்ல. நான் அந்தப் பெண்களைப் பற்றியே நினைக்கிறேன். ஒரு நாள் காலையில் ஒருவர் வந்து, 'உன் இரத்தமும் அந்த அம்மாள் இரத்தமும் ஒத்திருக்கிறது, அதோ அவள்தான் உன் தாய்' என்று சொன்னால் வளர்ந்த ஒரு பெண்ணின் மனசு என்ன பாடுபடும்? அவர்களோடு போக மாட்டோம் என்று சொன்ன பெண்களும் உண்டு. அதில் ஆச்சரியம் என்ன? இவ்வளவு வருஷமும் அவர்களுக்குச் சோறு இருந்தது, துணி இருந்தது, கூரை இருந்தது. 'நான் யார்' என்ற கேள்விக்குப் பதில் மட்டும் இல்லை. டாக்டர் போய், 'உன் தாய்க்குச் சர்க்கரை உண்டா? தகப்பனுக்கு நெஞ்சுவலி உண்டா?' என்று கேட்டால் சொல்ல ஒரு வார்த்தை இல்லை. இதையும் நான் தேக சுகக் குறைவு என்றுதான் சொல்லுவேன்.

சோறும் கூரையும் போதாதா என்று கேட்பவர்களுக்கு ஆராய்ச்சிக்காரர்கள் கண்ட இரண்டு விஷயங்களைச் சொல்லுகிறேன். ரெனே ஸ்பிட்ஸ் என்ற மனோதத்துவ டாக்டர் 1945-இலும் 46-இலும் இரண்டு இடத்துக் குழந்தைகளைப் பற்றி எழுதினார். ஒன்று, சுத்தமும் நல்ல உணவும் டாக்டரும் உள்ள கைவிடப்பட்ட குழந்தைகளின் விடுதி. அங்கே ஒரு தாதிக்கு எட்டுக் குழந்தைகளுக்குக் குறையாது. இன்னொன்று பெண்கள் ஜெயில். அங்கே கைதிகளான தாய்மாரே தங்கள் குழந்தைகளை வளர்த்தார்கள். சுத்தமான விடுதியில் இரண்டு வருஷத்துக்குள் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குழந்தைகள் செத்துப் போயின. ஜெயிலில் ஒன்றும் சாகவில்லை. ஜெயிலில் என்ன விசேஷம்? எடுத்து வைத்துக் கொள்ள ஒருத்தி இருந்தாள், அவ்வளவுதான். ஸ்பிட்ஸ் கணக்கில் குறை உண்டு என்று பின்னால் வந்தவர்கள் சொன்னார்கள். அதனால் இன்னும் கறாரான ஒன்றையும் பாருங்கள்.

ருமேனியா என்ற தேசத்தில் ஒரு சர்வாதிகாரி 1966-இல் கருக்கலைப்பைத் தடுத்துச் சட்டம் போட்டான். ஜனங்கள் வளர்க்க முடியாமல் பிள்ளைகளை அரசாங்க விடுதிகளில் விட்டார்கள். 1989-இல் அவன் ஆட்சி ஒழிந்தபோது அவ்விடுதிகளில் லட்சத்துக்கு மேற்பட்ட பிள்ளைகள். 2000-இல் ஆரம்பித்து அமெரிக்க ஆராய்ச்சிக்காரர்கள் அங்கிருந்த 136 கைக்குழந்தைகளைச் சீட்டுப் போட்ட மாதிரி இரண்டாகப் பிரித்துப் பாதிப் பேரை வளர்ப்புக் குடும்பங்களில் வைத்தார்கள். மற்றப் பாதி வழக்கம்போல் விடுதியில். சில வருஷம் கழித்துப் பார்த்தபோது குடும்பத்தில் வளர்ந்தவர்களின் புத்தி, பேச்சு, மூளையின் ஓட்டம் எல்லாம் விடுதிப் பிள்ளைகளைவிட மேலாயிருந்தன. இரண்டு வயதுக்கு முன்பே குடும்பத்துக்குப் போனவர்கள் அதிலும் மேல். அதுவரை, மந்தமான பிள்ளைகள்தான் விடுதிக்கு வருகின்றன என்று நினைத்தவர்கள், விடுதிதான் மந்தமாக்குகிறது என்று ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று.

இதிலிருந்து தெரிவது, பிள்ளைக்குத் தன்னுடையவர் என்று மாறாத ஒரு ஆள் வேண்டும் என்பது. அழுதால் திரும்பிப் பார்க்கிறவர், காய்ச்சலா என்று தொட்டுப் பார்க்கிறவர் ஒருவர் வேண்டும். வருஷத்துக்கொரு வார்டன் மாறுகிற இடத்தில் பிள்ளை யாரைத் தன்னுடையவர் என்று நினைக்கும்? பத்து வயதாகியும் படுக்கையை நனைக்கிற பிள்ளை விடுதிகளில் உண்டு. பயத்தினாலும் ஏக்கத்தினாலும் அது வரலாம். அதற்கு அடியும், நனைந்த பாயைத் தலையில் வைத்து முற்றத்தில் நிறுத்துவதும் மருந்தாகுமா? பெண் பிள்ளை திடீரென்று மயங்கி விழுந்து கை கால் உதறினால், பேய் என்று கோடாங்கியைக் கூட்டி வந்து உடுக்கை அடிக்கிறார்கள். காக்காய் வலிப்பாயிருக்கலாம், சொல்ல முடியாத எதையோ அவளுக்கு யாராவது செய்திருக்கலாம். உடுக்கைச் சத்தத்தில் அந்த இரண்டாவது காரணம் அடியோடு மறைந்து போகும். செய்தவனுக்குக் கோடாங்கியைவிட நல்ல வக்கீல் கிடைக்க மாட்டான். மாமல்லபுரத்து விடுதிப் பிள்ளைகளுக்கு நேர்ந்த கொடுமையைப் பற்றி ஒரு பத்திரிகையில் வந்த செய்தியிலிருந்து 2007-இல் சுப்ரீம் கோர்ட்டில் ஆரம்பித்த வழக்கு 2017 மே மாதத்தில்தான் தீர்ப்பாயிற்று. எல்லா விடுதிகளும் பதிவாக வேண்டும், ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனியே வளர்ப்புத் திட்டம் எழுத வேண்டும் என்று கோர்ட்டு சொல்லிற்று. அதற்குப் பிறகும், 2022 அக்டோபரில் திருப்பூரை அடுத்த திருமுருகன்பூண்டியில் ஒரு தனியார் காப்பகத்தில் உணவு விஷமாகி மூன்று பையன்கள் செத்தார்கள். சர்க்கார் அக்காப்பகத்தை மூடிற்று. மூடினது சரி. ஆனால் பிள்ளைகள் வாந்தி எடுத்த இரவில் எழுந்து பார்க்க ஆள் இருந்தாரா என்று, சாவதற்கு முன் எந்தத் தர்மவான் கேட்டார்?

ஆகவே என்ன செய்ய வேண்டும்? முதலாவது, விடுதிக்கு அனுப்பாமல் இருக்கப் பாருங்கள். இது என் சொந்தச் சரக்கல்ல. 2015-ஆம் வருஷத்துச் சிறார் நீதிச் சட்டமே விடுதி என்பது கடைசி வழி என்கிறது. புருஷனில்லாத தாய்க்கும், பேரப் பிள்ளையை வளர்க்கிற பாட்டிக்கும், பிள்ளையைத் தன் வீட்டிலேயே வைத்து வளர்க்க மாதம் 4,000 ரூபாய் கொடுக்கலாம் என்று 2022-இல் இந்திய சர்க்கார் வகுத்த மிஷன் வாத்சல்யா விதியில் இருக்கிறது. கிராமத்தில் குடும்ப வருமானம் வருஷம் 72,000 ரூபாய்க்கு மேற்படக் கூடாது. தாய் தகப்பன் இருவரையும் இழந்த பிள்ளைகளுக்கு மாதம் 2,000 ரூபாய் என்று தமிழ்நாடு சர்க்கார் 2025 செப்டம்பரில் அன்புக்கரங்கள் என்ற திட்டத்தை ஆரம்பித்தது. இவையெல்லாம் பிச்சையல்ல, பிள்ளையின் பாத்தியம். சாந்தி கழிக்கவும் பரிகாரத்துக்கும் மாதம் ஆயிரம் செலவு செய்கிற தோழர்கள், பக்கத்து வீட்டுப் பாட்டிக்கு ஒரு மனு எழுதிக் கொடுத்தால் ஒரு பிள்ளை விடுதிக்குப் போவது நிற்கும்.

விடுதியை விட்டால் வேறு வழியே இல்லாத பிள்ளைகளும் உண்டு. அவ்விடுதிக்கு நீங்கள் போகும்போது கேக்குக்குப் பதிலாகக் கேள்வி கொண்டு போங்கள். பதிவுச் சீட்டு எங்கே? ஒவ்வொரு பிள்ளைக்கும் தனியே வைத்தியக் குறிப்பேடு வைத்திருக்க வேண்டுமென்று விதி இருக்கிறதே, அது எங்கே? எடை, உயரம், பல், கண் எப்போது பார்த்தீர்கள்? இரவில் யார் விழித்திருக்கிறார்? பிள்ளை புகார் எழுதிப் போட ஒரு பெட்டி இருக்கிறதா, அதன் சாவி யாரிடம்? நல்ல விடுதிக்காரர் சந்தோஷமாய்க் காட்டுவார். அப்படிப்பட்டவர்களும் இருக்கிறார்கள், அவர்களை நான் குறை சொல்ல வரவில்லை. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் பொட்டுக்கட்டுக்கு ஆளாக இருந்த பெண்களுக்காக அவ்வை இல்லத்தை ஆரம்பித்த காலத்திலிருந்து இந்நாட்டில் யோக்கியமான இல்லங்களும் உண்டு. கோபிக்கிறவரிடம்தான் மறுபடியும் போய்க் கேட்க வேண்டும்.

இன்னொன்று. பதினெட்டு வயது முடிந்த அன்று பெட்டியைக் கொடுத்து வெளியே அனுப்பி விடுகிறார்கள். நம் வீட்டுப் பிள்ளையைப் பதினெட்டில் தெருவில் விடுவோமா? நம் பையன் முப்பது வயதிலும் 'அம்மா காப்பி' என்கிறான்! வெளியே வந்த பெண்ணுக்கு ரேஷன் கார்டில் பெயர் இல்லை, ஜாதிச் சான்று இல்லை, காய்ச்சல் வந்தால் கஞ்சி வைக்க ஆள் இல்லை. முதலில் சிரித்துப் பேசுகிற எவனோடாவது போவதைத் தவிர வேறு என்ன செய்வாள்? சட்டம் 21 வயது வரையும், அவசியமானால் 23 வரையும் பின்கவனிப்பு என்று சொல்லுகிறது. கடை வைத்திருக்கிற தோழர்கள், மில்லில் மேஸ்திரியாயிருக்கிற தோழர்கள், அப்படிப்பட்ட ஒருவருக்கு வேலையும், தீபாவளி பொங்கலுக்கு வந்து போக ஒரு வீடும் கொடுக்கலாம். ஜாதி தெரியாத பிள்ளையை வீட்டுக்குள் எப்படி விடுவது என்று கேட்கிறவர் சுயமரியாதைக்காரராயிருக்க முடியாது. ஜாதி தெரியாதது அந்தப் பிள்ளைக்கு வாய்த்த ஒரே சௌகரியம் என்று நான் நினைப்பதுண்டு.

இரண்டு சீட்டு வந்திருக்கிறது. ஒரு தோழர், 'குடித்துவிட்டு அடிக்கிற தகப்பனிடமும் பிள்ளையை விட்டு வைக்கச் சொல்லுகிறீர்களா?' என்று கேட்டிருக்கிறார். இல்லை. அந்தப் பிள்ளையைக் காலம் தாழ்த்தாமல் அப்புறப்படுத்த வேண்டும். ஆனால் அத்தை வீடோ, பாட்டி வீடோ, சர்க்கார் விதிப்படி ஒப்புக்கொண்ட வளர்ப்புக் குடும்பமோ இருக்கும்போது நேரே விடுதிக்கு ஏன் ஓட வேண்டும்? 1098 என்ற நம்பருக்கு இரவு பகல் எந்நேரமும் டெலிபோன் செய்யலாம், காசில்லை. எங்கே வைப்பதென்று குழந்தைகள் நலக் குழு முடிவு செய்யும்; தரகரோ, சாமியாரோ, பாதிரியாரோ முடிவு செய்யக் கூடாது.

மற்றொரு சீட்டு ஒரு தாயார் எழுதியது போலிருக்கிறது. 'என் தங்கச்சி செத்துட்டா, அவ பிள்ளைக ரெண்டும் எங்கிட்ட இருக்குதுக, அந்தப் பணத்துக்கு எங்க போய் கேக்கணும்?' என்று இருக்கிறது. அம்மா, மதுரைக் கலெக்டர் ஆபீசுக்குக் கீழே ஜில்லாக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு என்று ஒன்று இருக்கிறது. மனு அங்கே போக வேண்டும். தங்கச்சியின் இறப்புச் சான்று, பிள்ளைகளின் பிறப்புச் சான்று, ஆதார், பள்ளிக்கூடத்துச் சான்று, உங்கள் வருமானச் சான்று இவ்வளவும் வேண்டும். இறப்புச் சான்று இன்னும் வாங்கவில்லை என்றால் அதை முதலில் வாங்க வேண்டும். கூட்டம் முடிந்ததும் நம் தோழர்கள் இருவர் மேடைக்குப் பின்புறம் காகிதமும் பேனாவுமாக உட்கார்ந்திருப்பார்கள். இருக்கிற சான்றுகளோடு வாருங்கள். இல்லாதவற்றைக் குறித்துக் கொள்ளுவோம். இதே மாதிரி வேறு யாருக்காவது இருந்தாலும் கூச்சப்படாமல் வரலாம்.